உங்கள் வண்டி திம்பத்தில் ஏன் நின்றது

பாசமுள்ள சின்னச்சாமி மச்சானுக்கு,

கணபதி பட்டறையிலிருந்து தங்கராசு எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரைக்கும் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கணபதிக்கும் அன்னூருக்கும் நடுவில் கடிதம் எதற்கு? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இப்போது நீங்கள் இருக்கிற ஊருக்கு பஸ்ஸும் இல்லை, எஸ்.டி.டி. பூத்தில் கேட்டால் நம்பரும் இல்லை. எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் நல்ல சேதி. வண்டி ஓடுகிறது. வாரம் இரண்டு நடை சாம்ராஜ்நகர் போகிறது. இங்கிருந்து மோட்டார் காஸ்டிங், அங்கிருந்து மக்காச்சோளம். புளியம்பட்டிக்காரர் செல்வன் என்பவர் ஓட்டுகிறார். நிதானமான ஆள், கண்டபடி ஆரன் அடிக்க மாட்டார். வீட்டுக்கு டெலிபோன் வந்துவிட்டது. அக்காவே லோடு பேசுகிறாள். மணி அடித்தால் எடுத்து, "ஏனுங்க, யாருங்க பேசறது?" என்று அவள் கேட்கிற தோரணைக்கு, அந்தப் பக்கம் புக்கிங் ஆபீஸ்காரர் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

வண்டி திம்பம் மலையில் இப்போது ஒரு தடவைகூட நிற்பதில்லை. இதைக் கேட்டதும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் என் கையில் மட்டும் ஏன் நின்றது? காரணம் தெரிந்துவிட்டது, மச்சான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அச்சில் வந்து நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னச்சாமி என் அக்காவின் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர், அதில் கடைசி ஒன்பது வருடம் சொந்த வண்டி. நான் டீசல் மெக்கானிக். ஊரில் என் கைக்குக் கொஞ்சம் பேர் உண்டு. வாய்க்கும் உண்டு.

எஞ்சினை மாற்றிக் கட்டலாம் என்று சொன்னது நான்தான். அந்தச் சமயத்தில் புதிதாக வந்த லாரிகள் டர்போவோடு வந்துகொண்டிருந்தன. நீங்கள் லோடோடு மலையில் முதல் கியரில் முக்கிக்கொண்டு போகும்போது அவை பக்கவாட்டில் விலகி முன்னால் போய்விடும். உங்களுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வழி விட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மெக்கானிக் தங்கராசின் அக்கா வீட்டு வண்டி பின்னால் நிற்கலாமா?

பழைய எஞ்சினுக்கே பிஸ்டன் மாற்றினேன். நாசில் மாற்றினேன். டர்போ பூட்டினேன். டீசல் பம்பை உக்கடத்துக்குக் கொண்டுபோய், கூடுதலாக டீசல் தள்ளும்படி செட் செய்து வாங்கிவந்தேன். பன்னிரண்டு நாள் வேலை. ஸ்டார்ட் செய்ததும் அது போட்ட சத்தத்தைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் பானட்டைத் தடவிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க மாப்ளே. பழகோணும்" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்கு இன்னும் நாலு வார்த்தை வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நடை நன்றாகப் போய்வந்தீர்கள். மூன்றாவது நடையில் நின்றது. பண்ணாரி தாண்டி மலை ஏறி, எட்டாவது கொண்டை ஊசி வளைவில் இழுவை குறைந்ததாம், விக்கியதாம், அணைந்ததாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து அடித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியிருக்கிறது. அடுத்த நடையில் ஆறாவது வளைவு. அதற்கடுத்த நடையில் மேலே ஏறி ஹாசனூர் தாண்டி. பத்து டன் லோடோடு வளைவில் வண்டி அணைந்தால் என்ன கதி என்று மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பஸ்களின் வரிசை. கட்டை கொடுக்க ஒரு நிமிடம் பிந்தினால் போயிற்று.

ஒவ்வொரு தடவையும் வந்து பொறுமையாகச் சொன்னீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றினேன். எங்கோ டீசல் வழியில் காற்று புகுகிறது என்று தெரிந்தது. பம்ப் மேல் சந்தேகம் வந்து, அதை செட் செய்து கொடுத்த உக்கடத்து பாயிடம் இரண்டு முறை கொண்டுபோனேன். அவர் மேசையில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "பம்புல ஒரு குறையுமில்லீங்க தங்கராசு. தனக்கு வர்றதத்தான அது குடுக்கும்? வர்ற வழியப் பாருங்க" என்றார். பார்த்தேன். பைப் புதுசு, வாஷர் புதுசு, ஃபில்டர் புதுசு. டேங்கிலிருந்து கிளம்பி எஞ்சின் வரைக்கும் பழசு என்று எதுவும் பாக்கி இல்லை. டேங்கை மட்டும் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? டீசல் இருக்கிறது.

அப்புறம் நானே ஓட்டிப் பார்த்தேன். கருங்கல் லோடு ஏற்றிப் புளியம்பட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு தடவை சத்தியமங்கலம் வரைக்கும் போனேன். ஒரு விக்கல் இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் நிற்கும், நான் எடுத்தால் நிற்காது. இப்படி நாலைந்து தடவை நடந்தால் ஒரு மெக்கானிக் என்ன முடிவுக்கு வருவான்? நான் வந்தேன்.

அன்னூர் லாரி ஸ்டாண்டு டீக்கடையில் அன்று மத்தியானம் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நேற்றும் நின்றுவிட்டது என்று மெதுவாகச் சொன்னீர்கள். மெதுவாகச் சொன்னதற்கு நான் சத்தமாகப் பதில் சொன்னேன்.

"வண்டில கோளாறு ஒண்ணுமில்லீங்க மச்சான். ஓட்டற கையிலதான் கோளாறு. ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாமா."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். டீயை மீதி வைக்காமல் குடித்து முடித்து, வண்டிச் சாவியை என் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தீர்கள். அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை? என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட நியாயம்தான். வாயைத் திறக்காமல் போனதால் நான் சொன்னதுதான் சரி என்று இன்னும் உறுதியாக நம்பினேன்.

அதற்கப்புறம் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் கொண்டுவந்து விட்ட வண்டி உங்கள் வாசலில் நின்றது. நீங்கள் சோளக்காட்டுக்குப் போய்த் தண்ணீர் கட்டினீர்கள். ஏன் ஓட்டவில்லை என்று ஊரில் கேட்டவர்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்றீர்களாம். நான் அதையும் நம்பினேன். கண் தெரியாதவர் வைத்திருந்து என்ன செய்வது, விற்றுவிடலாமே என்று யோசனை வேறு சொன்னேன். மூன்று மாதம் அப்படிப் போயிற்று. பிறகு காமாலை வந்தது. பச்சிலை வைத்தியம் பார்த்துவிட்டு, முற்றிய பிறகுதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். ஆறாவது நாள் முடிந்துவிட்டது.

ஒரு சொல்லுக்காக யாருக்கும் காமாலை வருவதில்லை. டாக்டரிடம் கேட்டே தெரிந்துகொண்டேன். அந்தப் பழியை நான் தூக்கிச் சுமக்கவில்லை. சுமந்தால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்த மனிதர் டிரைவராகச் சாகவில்லை. அதற்கு நான்தான் காரணம். அதை எந்த டாக்டரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காவுக்கு நான்தான் போட்டேன். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, வண்டி ஓட வேண்டும் என்று அவள் சொன்னாள். விற்கிற பேச்சே கூடாது என்றும் சொன்னாள். டிரைவர் தேடினேன். வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது மலையில் நிற்கிற வண்டி ஆயிற்றே என்று நழுவினார்கள். அவர்களில் ஒருவர், "சின்னச்சாமியண்ணங் கைக்கே அடங்காத வண்டி, எங்களுக்கு அடங்குமுங்களா?" என்றார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கடைசியில், நிற்காத வண்டிக்கு எதற்கு இத்தனை பயம் என்று கோபம் வந்து நானே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

காலையில் அன்னூரில் டேங்க் நிறைய டீசல் பிடித்தேன். மலையில் எட்டாவது வளைவு தாண்டும்வரைக்கும் விசில் அடித்துக்கொண்டுதான் போனேன். ஒன்பதாவதுக்குப் போகும்போது இழுவை குறைந்தது. விக்கியது. அணைந்தது. நீங்கள் சொன்ன வரிசை ஒன்றுகூட மாறவில்லை. கூட வந்த லோடுமேன் குதித்துக் கட்டை கொடுத்தார். நான் இறங்கி, டீசல் ஏற்றுகிற கைப்பம்பை அழுத்தினேன். நூறு தடவை அழுத்தியும் டீசல் வரவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மல ஓட்டத் தெரியாதவனெல்லாம் லோடேத்தீட்டு வந்தர்றான்" என்றார். மலை ஓட்டத் தெரியாதது யாருக்கு, மச்சான்? எனக்கா?

டீசல் ஒழுகிப் போய்விட்டதோ என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. ஸ்பானரால் தட்டித் தட்டித் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. கூடவே டேங்கின் பக்கத் தகடு டொம்மென்று சத்தம் போட்டு வெளியே வந்தது. அதுவரைக்கும் அது உள்வாங்கியிருந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் வட்டமாக ஒரு ரப்பர். பழைய டியூபைக் கத்தரியால் வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டியது. ஒட்டியவன் நான்.

இரண்டாவது நடை முடிந்து வந்தபோது, நிறையப் பிடித்தால் வளைவுகளில் மூடி ஓரமாக டீசல் சிந்துகிறது என்று நீங்கள் சொன்னீர்கள் இல்லையா? சிந்திய டீசலில் டேங்க் முழுக்க மண் அப்பியிருந்தது. என் டர்போ லிட்டருக்கு இத்தனை ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன், அது சொன்ன அளவுக்கு ஓடவில்லை. சிந்துகிறதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அன்றைக்கே ரப்பர் வெட்டிவிட்டேன். நம் ஆட்களுக்கு எதையும் வீணாக்க மனசு வராது. டம்ளர் அடியில் தங்கிய சர்க்கரைக்குக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிற குடும்பம் நம்முடையது. டீசல் சிந்தினால் பார்த்துக்கொண்டிருப்போமா?

மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்கான வழி அது. வாய் குறுகிய செம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் விக்கி விக்கி வருமே, அதே கதைதான். என் ரப்பர் அந்தத் துளையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. போதாததற்குப் பம்பை வேறு கூடுதலாக இழுக்கும்படி செட் செய்து வைத்திருக்கிறேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது. அரை மணி நேரம் நின்றால் ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும்.

என் கையில் ஏன் நிற்கவில்லை என்பதும் அங்கேயே புரிந்தது. மைலேஜ் பைத்தியம் பிடித்து, பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து அளவுக் குச்சி விட்டுப் பார்த்தவன் நான். ஒவ்வொரு தடவையும் டேங்க் காற்று வாங்கிக்கொண்டது. மூடி கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். நம் ரப்பர் எப்படிப் பிடிக்கிறது பார் என்று பெருமைப்பட்டேன். நீங்கள் அன்னூரில் மூடினால் சாம்ராஜ்நகரில்தான் திறப்பீர்கள். எல்லா டிரைவரும் அப்படித்தான். அன்றைக்கு நானும் அப்படித்தான் வந்திருந்தேன்.

அந்த வளைவில் நின்று அழுதேன் என்று எழுதினால் கடிதத்துக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. ரப்பரைப் பிய்த்து எறிந்தேன், டீசல் பைப்பில் அடைத்திருந்த காற்றை வெளியே எடுத்தேன், ஸ்டார்ட் செய்தேன், மீதி மலையை ஏறினேன். ஆனால் சாம்ராஜ்நகர் போய்ச் சேரும்வரைக்கும் காது சூடாகவே இருந்தது. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. இத்தனை வயதுக்கு நான் அந்த அளவுக்கு வெட்கப்பட்டதில்லை.

திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் அன்னூர் ஸ்டாண்டுக்குப் போனேன். சொன்ன இடத்திலேயே அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டிருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், தெரியும். இருந்தாலும் போனேன். அநேகமாக அதே ஆட்கள்தான் இருந்தார்கள். ரப்பர் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அப்புறம், சின்னச்சாமி மச்சானை அன்று உங்கள் எல்லோர் முன்னாலும் கையில் கோளாறு என்று சொன்னேனே, அது தப்பு என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயதான டிரைவர் ஒருவர், "எப்பங்க சொன்னீங்க? நாங்க இருந்தமுங்களா?" என்று கேட்டார். நாள், பெஞ்சு, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் சொன்னேன். டீக்கடைக்காரருக்கும் நினைவில்லை. சின்னச்சாமி அண்ணன் ஓட்டுவதைப் போய் யார் குறை சொல்வார்கள், அவரைப் போல மலை ஓட்ட ஆள் ஏது என்று என்னையே சமாதானப்படுத்தினார்கள். மரியாதைக்காகச் சொன்ன பொய் இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் சிரித்த பத்துச் சிரிப்பில் அதுவும் ஒன்று. தண்டனை வாங்கப் போனவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நேராக வீட்டுக்குப் போனேன். அக்கா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். துளை, ரப்பர், டீக்கடைப் பேச்சு, சாவியை வைத்துவிட்டு நீங்கள் நடந்து போனது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"டீக்கடையில நீ பேசுனத இப்ப நீ சொல்லித்தாங் கண்ணு எனக்குத் தெரியுது. அவிய அதச் சொல்லவேயில்ல."

அப்படியென்றால் வண்டியை ஏன் விட்டார் என்று கேட்டேன்.

"ஒரு நடை கூட வாங்கன்னு உன்னய மூணு வாட்டி கூப்புட்டாங்களாமா. வேலை கெடக்குதுன்னு சொல்லிப்போட்டயாமா. 'மாப்ள ஒருக்கா பக்கத்துல ஒக்காந்து வந்தாப் போதும், கண்டுபுடிச்சுப்போடுவாரு, அதுவரைக்கும் நிக்கட்டும்'னாங்க. உங்கிட்ட நாலாந்தரம் கேக்கறதுக்குத்தான் சங்கட்டப்பட்டுட்டு இருந்தாங்க. ஆசுபத்திரியிலயும் அதத்தாஞ் சொன்னாங்க."

மச்சான், எனக்கு நினைவில்லை. மூன்று தடவை கூப்பிட்டீர்களாம். எங்கே வைத்துக் கூப்பிட்டீர்கள்? பட்டறையிலா, வீட்டிலா, சாப்பிடும்போதா? ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டேன். ஏதோ ஒரு எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல், பார்க்கலாங்க என்று சொல்லியிருப்பேன். ஸ்டாண்டுக்காரர்கள் மறந்ததைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் என் கையைக் கடைசிவரைக்கும் நம்பினீர்கள். நான் உங்கள் கையை நம்பவில்லை. இதைத்தான் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டும் என்று நினைத்தேன். சொன்ன இடத்தில் கேட்க ஆள் இல்லை, சொல்ல வேண்டியவர் ஊரிலேயே இல்லை. அச்சில் இருந்தால் யாருக்காவது நினைவிருக்கும். அன்னூர் சின்னச்சாமி கையில் ஒருநாளும் கோளாறு இருந்ததில்லை. கோளாறு மெக்கானிக்கிடம் இருந்தது.

இனி ஒன்று செய்வேன். எந்த டிரைவர் வந்து வண்டியில் இது சரியில்லை என்று சொன்னாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவேன். அவர் போகிற ரோட்டில், அவர் ஏற்றுகிற லோடோடு, அவர் சொல்கிற இடம் வரைக்கும் போவேன். பட்டறையைப் பூட்டிவிட்டுப் போவேன்.

உங்கள் வண்டியை ஓட்டுகிற செல்வன் முந்தாநாள் வந்திருந்தார். திம்பம் இறக்கத்தில் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்கிறது என்கிறார். நான் சரவணம்பட்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், இழுக்கவில்லை. அவர் சொல்கிறார் என்றால் இழுக்கும். நாளைக் காலையில் அவரோடு சாம்ராஜ்நகர் கிளம்புகிறேன்.

மூன்று தடவை கூப்பிட்டும் வராத
உங்கள் மாப்பிள்ளை
தங்கராசு